கூட்டிணைப்பும் கடனின் எல்லையும்
கம்பனி அமைப்பின் நன்மைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1658 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறிற்று. ஓர் ஐரோப்பிய இனத்தாரிடமிருந்து மற்றோர் ஐரோப்பிய இனத்தாருக்கு ஆட்சி கைமாறிய நிகழ்ச்சியாகவே வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் கூறிச் செல்லும். ஆயின், அவ்விரு ஆட்சிகளுக்குமிடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. போர்த்துக்கேயர் தம் அரசனின் பெயரால் ஆண்டனர். ஒல்லாந்தரோ ஒரு வணிகக் கம்பனியின் பெயரால் ஆண்டனர். 1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும்வரை, ஏறத்தாழ 137 ஆண்டுகள், வரி விதித்ததும் நீதி வழங்கியதும் யானையையும் சங்கையும் சாயவேரையும் ஏற்றுமதி செய்ததும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியே.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுத்ததும் அக்கம்பனியே. தேசாதிபதி சைமன்சின் ஆணைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தளித்த தேசவழமையிலே, பெற்றோர் பட்ட கடன் பற்றிய ஒரு விதி காணப்படுகின்றது. பெற்றோர் பட்ட கடனைத் தீர்க்கும் கடப்பாடு ஆண்மக்களுக்கு உரியது. பெற்றோர் யாதொரு சொத்தும் விட்டுச் செல்லாதவிடத்தும் அக்கடப்பாடு நீங்காது என்பதே அவ்விதியின் சாரமாகும். கடன் மனிதனோடு ஒட்டியது. அவன் இறந்தபின் அவன் மக்களோடு ஒட்டிக்கொள்வது. இதனை ஏட்டிலே பதிவுசெய்த கம்பனியின் பங்குதாரரோ, தாம் இட்ட தொகைக்கு அப்பால் கம்பனியின் கடனுக்காக ஒரு காசேனும் கொடுக்கவேண்டியவரல்லர். ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின்கீழ், கடன் பற்றிய இருவேறு கோட்பாடுகள் அருகருகே நிலவின.

வணிக முயற்சியொன்றைக் கம்பனியாகக் கூட்டிணைப்பதனால் விளையும் நன்மைகள் இன்று பாடநூல்களிலே எண்ணிட்டுக் கூறப்படுகின்றன: கம்பனி சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள், அதற்கு இறப்பில்லை, அதன் பங்குகளைக் கைமாற்றலாம், அதன் உறுப்பினரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது. இந்நான்கும் ஒருவர் ஒருங்கே சிந்தித்து வகுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து இடருக்கு விடையாகத் தோன்றியது. அவ்வாறு தோன்றிய வரலாற்றையும், அந்நன்மைகளின் விலையை யார் கொடுத்தனர் என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாவா மூவா முதல்

தனியொருவனின் வணிகம் அவனது ஆயுளுக்கு உட்பட்டது. இருவர் மூவர் கூடிச் செய்யும் பங்குடைமையும் அத்தகையதே. பங்காளருள் ஒருவர் இறப்பின் அது கலையும். ஒருவர் விலகின் கணக்கு முடித்துப் பிரிக்கவேண்டும். மனித ஆயுளுக்கு அப்பாலும் நிலைத்திருக்கும் ஒரு முதலை அமைப்பது எவ்வாறு என்னும் வினாவுக்குப் பழைய சமுதாயங்கள் பலவும் தத்தம் வழியில் விடைகண்டுள்ளன. சோழர் காலக் கல்வெட்டுக்களிலே, கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் அளிக்கப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகின்றது. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ எனக் கல்வெட்டுக்கள் குறிக்கும். ஆடுகள் சாகும், மூக்கும். ஆயின், மந்தையின் எண்ணிக்கை குறையாது பேணப்படவேண்டும் என்னும் நிபந்தனையால், மந்தை சாவதில்லை, மூப்பதுமில்லை. உறுப்புக்கள் மாறினும் தொகுதி மாறாது நிலைபெறும் என்னும் கருத்து இங்கே தெளிவாக உள்ளது.

ஐரோப்பாவிலும் இக்கருத்து முதலிலே சமய நிறுவனங்களையும் நகரங்களையும் பல்கலைக்கழகங்களையும் சார்ந்தே வளர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, பாப்பரசர் நான்காம் இனசென்ற், திருச்சபைக் குழுக்களைக் கற்பனை ஆளாகக் கொள்ளும் சட்டக் கொள்கைக்கு உருவளித்தார். மடத்துத் துறவிகள் மாறுவர், மடம் மாறாது. ஆனால் இவற்றுள் எதுவும் இலாபத்தை நோக்கிப் பலரின் பணத்தை ஒன்றுதிரட்டும் அமைப்பன்று. தமிழகத்திலும் ஈழத்திலும் கல்வெட்டுக்களை விட்டுச்சென்ற ஐந்நூற்றுவர் போன்ற வணிக கணங்களும், தத்தம் முதலை வைத்து வணிகம் செய்தோரின் சங்கங்களாகவே கொள்ளத்தக்கன. அழியாத அமைப்பு ஒருபுறமும் இலாபந் தேடும் பொதுமுதல் மறுபுறமுமாக நின்றன. இரண்டையும் பெரிய அளவிலே இணைத்த பெருமை பதினேழாம் நூற்றாண்டு வணிகருக்கு உரியது.

திரும்பக் கொடாத பணம்

கீழைத்தேசக் கடற்பயணம் பெரும் செலவும் பேரிடரும் கொண்டது. கப்பல் சென்று மீள ஆண்டுகள் பலவாகும், மீளாமலும் போகலாம். 1600 டிசெம்பர் 31 இல் பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, தொடக்கத்திலே ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே பணந்திரட்டிப் பயண முடிவிலே முதலையும் இலாபத்தையும் பிரித்துக் கொடுத்தது. இவ்வாறு அடிக்கடி கலையும் முதலைக்கொண்டு கோட்டை கட்டவோ பண்டகசாலை அமைக்கவோ இயலாது. 1657 இலேயே அக்கம்பனி நிலையான மூலதனத்தைப் பெற்றது.

ஒல்லாந்தர் இதிலே முந்திக்கொண்டனர். 1602 மார்ச் 20 இல் பட்டயம் பெற்ற அவர்தம் கம்பனி, ஆறு நகரங்களின் வணிகக் குழுக்களை ஒன்றிணைத்து, ஏறத்தாழ 64 இலட்சம் கில்டரை மூலதனமாகத் திரட்டிற்று. நாட்டவர் எவரும் பணமிடலாம் என விதிக்கப்பட்டமையால், அம்ஸ்ரடாமில் மட்டும் 1,143 பேர் தம் பெயரைப் பதிந்தனர். பெருவணிகர் பல்லாயிரம் கில்டரை இட்ட அதே ஏட்டிலே, பணிப்பெண் ஒருத்தியின் 100 கில்டரும் பதிவாகியுள்ளது. சிறுதுளிகளைப் பெருவெள்ளமாக்கும் கம்பனி அமைப்பின் ஆற்றலை இப்பதிவேட்டிலே காணலாம்.

பத்தாண்டுகளின் பின் கணக்கு முடித்து, விரும்புவோருக்குப் பணம் திருப்பியளிக்கப்படும் என்பது தொடக்கத்து ஏற்பாடு. 1612 இலே அவ்வாறு செய்யப்படவில்லை. போரிலும் கோட்டைகளிலும் முடங்கிய பணத்தை மீட்பது இயலாதென ஆயிற்று. பங்குதாரர் முறையிட்டனர், பயனில்லை. பணம் வேண்டியோர் தம் பங்கைப் பிறருக்கு விற்கவேண்டியதாயிற்று. இதற்கு அம்ஸ்ரடாம் சந்தை வாய்ப்பளித்தது. கம்பனிக்கு முதல் நிலையாக நின்றது. பங்குதாரருக்கோ தம் பணத்தை வேண்டியபோது காசாக்கும் வழி கிடைத்தது. கைமாற்றத்தக்க பங்கு என்னும் இரண்டாவது நன்மை, வாக்குத் தவறிய ஒரு நிருவாகத்தினால் இவ்வாறு உறுதிபெற்றமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். முதற் பங்கிலாபமும் 1610 இலே காசாக அன்றிச் சாதிபத்திரியாகவும் மிளகாகவுமே பெரிதும் வழங்கப்பட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்கம்பனியின் முடிவும் படிப்பினை தருவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயருடன் நிகழ்ந்த போரினாலும் பெருகிய கடனாலும் அது நொடித்தது. 1796 இலே அரசின் கைக்கு வந்து, 1799 இறுதியிலே பட்டயம் காலாவதியாக, அதன் உடைமைகளோடு கடன்களையும் பத்தாவியக் குடியரசு ஏற்றுக்கொண்டது. இலாபம் பங்குதாரருடையதாயிருந்தது, இறுதி நட்டம் குடிகளுடையதாயிற்று.

ஐயுறவின் நூற்றாண்டு

இங்கிலாந்திலே கம்பனி அமைப்பு நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1720 இலே தென்கடற் கம்பனியின் நூறு பவுண் பங்கு ஏறத்தாழ ஆயிரம் பவுண்வரை உயர்ந்து, ஆண்டு முடியுமுன்னரே இருநூறுக்கும் கீழே வீழ்ந்தது. அவ்வாண்டிலே இயற்றப்பட்ட ‘குமிழிச் சட்டம்’, அரச பட்டயமோ பாராளுமன்றச் சட்டமோ பெறாது கைமாற்றத்தக்க பங்குகளை வெளியிடும் கம்பனிகளைத் தடைசெய்தது. அச்சட்டம் 1825 வரை நீடித்தது. 1776 இலே ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலை வெளியிட்ட அடம் சிமித், கம்பனிப் பணிப்பாளர் கையாள்வது பிறர் பணம்; ஆகவே தம் சொந்தப் பணத்தைக் காப்பதுபோன்ற விழிப்பை அவரிடம் எதிர்பார்த்தல் ஆகாது எனக் கருதினார். பிற்காலத்துக் கம்பனி மோசடிகள் பலவும் இக்கருத்தின் வலிமையைக் காட்டி நிற்கின்றன.

ஆயினும், கால்வாய்களும் புகையிரதப் பாதைகளும் தனியொருவர் செல்வத்தால் ஆகக்கூடியன அல்ல. கைத்தொழிற் புரட்சியின் தேவைகள் சட்டத்தை அசைத்தன. 1844 ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பனிச் சட்டம், அரசனின் அருளாகப் பெறவேண்டியிருந்த கூட்டிணைப்பை, வெறும் பதிவினால் பெறக்கூடிய உரிமையாக்கிற்று. 1855 இலே வரையறுத்த பொறுப்பு ஏற்கப்பட்டது. 1856 இலே எழுவர் சேர்ந்து கையொப்பமிட்டால் கம்பனியொன்றை நிறுவலாம் என்றாயிற்று. 1862 ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் தொகுத்தது. அதன் முந்திய நிலையிலே, பங்குடைமையின் கடனுக்காக ஒவ்வொரு பங்காளரும் தம் கடைசிக் காசையும் கடைசிக் காணித்துண்டையும் இழக்கவேண்டியவராயிருந்தனர். அந்நிலையின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி, சட்டம் மாறி இருபது ஆண்டுகள் கடந்தபின்னரே நேர்ந்தது.

கிளாஸ்கோவின் 254 பேர்

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கி, வரையறுத்த பொறுப்பை ஏற்காது பழைய முறையிலேயே இயங்கிவந்தது. எல்லையற்ற பொறுப்பே வைப்பாளருக்கு நம்பிக்கையூட்டும் என்பது அக்கால வங்கியாளர் பலரின் எண்ணம். 1878 ஒக்ரோபர் 2 இல் அவ்வங்கி கதவடைத்தது. பணிப்பாளர்கள் பொய்க் கணக்குக் காட்டிச் சில நிறுவனங்களுக்கு அளவிறந்த கடன் கொடுத்திருந்தமை வெளிப்பட்டது. அவர்கள் பின்னர் சிறை சென்றனர். ஆனால், குற்றத்தில் எவ்விதத் தொடர்புமற்ற பங்குதாரரின் தண்டனை அதனிலும் கடியதாயிருந்தது. நூறு பவுண் பங்கொன்றுக்கு முதலில் 500 பவுணும், பின்னர் 2,250 பவுணும் செலுத்துமாறு கோரப்பட்டது. 1,819 பங்குதாரருள் இறுதிவரை வங்குரோத்து அடையாது எஞ்சியோர் 254 பேர் மட்டுமே.

அவர்களுள் விதவைகளும் மணமாகாத முதிய பெண்களும் இருந்தனர். பிறரின் பிள்ளைகளுக்காக நம்பிக்கைப் பொறுப்பாளராகப் பங்கு வைத்திருந்தோரும் தம் சொந்தச் சொத்தால் ஈடுசெய்யவேண்டியவராயினர். மறுபுறத்திலே, வங்கியில் பணம் வைத்தோர் முழுத் தொகையையும் பெற்றனர். இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. எல்லையற்ற பொறுப்பு நட்டத்தை ஒழிப்பதில்லை. பங்குதாரரின் தலையில் அதனைச் சுமத்துகின்றது. வரையறுத்த பொறுப்பும் நட்டத்தை ஒழிப்பதில்லை. ஓரெல்லைக்கு அப்பால் அதனைக் கடனீந்தோரின் தலைக்கு மாற்றுகின்றது. எனவே, வரையறுத்த பொறுப்பு நன்மையா என்று மட்டும் வினவுதல் போதாது. எவருக்கு நன்மை என்றும் வினவவேண்டும்.

சலமனும் அவரது கம்பனியும்

பெருந்தொகையான பங்குதாரரை எண்ணி வகுக்கப்பட்ட சட்டத்தைச் சிறு வணிகர் பயன்படுத்தத் தொடங்கியபோது புதியதொரு வினா எழுந்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியிலே பாதணி செய்து விற்ற ஏரன் சலமன், 1892 இலே தம் தொழிலை ஒரு கம்பனியாக மாற்றினார். சட்டம் வேண்டிய எழுவர், அவரும் அவர் மனைவியும் மகளும் நான்கு ஆண்மக்களுமே. வெளியிடப்பட்ட 20,007 பங்குகளுள் 20,001 அவருடையவை. தொழிலின் விலையில் ஒரு பகுதிக்காகக் கம்பனி அவருக்கு 10,000 பவுண் பெறுமதியான தொகுதிக்கடன் பத்திரங்களையும் வழங்கிற்று. மறு ஆண்டிலேயே கம்பனி நொடித்தது. பிணையுடைய அப்பத்திரங்களுக்கே முதலுரிமை இருந்தமையால், சரக்குக் கொடுத்த ஏனைய கடனீந்தோருக்கு எதுவும் எஞ்சவில்லை.

கம்பனி என்பது சலமனின் முகமூடியே. ஆதலால் கடனை அவரே தீர்க்கவேண்டும் என்பது கீழ் நீதிமன்றுகளின் தீர்ப்பு. 1896 நவம்பர் 16 இலே பிரபுக்கள் சபை அதனை ஏகமனதாக மாற்றியது. சட்டம் வேண்டிய முறைப்படி பதியப்பட்ட கம்பனி, அதனை நிறுவியோரினின்றும் வேறான ஓர் ஆள். அவ்வெழுவரின் நோக்கத்தையோ பங்கின் அளவையோ சட்டம் வினவவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சலமன் இத்தீர்ப்பினாற் செல்வரானார் என எண்ணுதல் தவறு. தம் பத்திரங்களை ஈடுவைத்துப் பெற்ற பணத்தையும் கம்பனியிலேயே இட்டு இழந்த அவர், வறியவருக்குரிய சலுகையுடனேயே அம்மேன்முறையீட்டைச் செய்தார். இலங்கை உட்பட, ஆங்கிலச் சட்ட மரபைத் தழுவிய நாடுகளிலே கம்பனிச் சட்டத்தின் மூலைக்கல்லாக இத்தீர்ப்பு இன்றும் கொள்ளப்படுகின்றது.

இலங்கையில் கம்பனி

இலங்கையிலே 1861 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கூட்டுப்பங்குக் கம்பனிக் கட்டளைச் சட்டம் இவ்வமைப்புக்கு வழிவகுத்தது. எனினும், கோப்பிக் காலத்திலே தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் துரைமாரின் உடைமைகளாகவும் பங்குடைமைகளாகவுமே இருந்தன. 1869 இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, ஈடுவைத்த தோட்டங்களோடு அவற்றின் உடைமையாளரும் வீழ்ந்தனர். தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே 3 இலே கொடுப்பனவை நிறுத்தியது. மக்களின் கையிலிருந்த நாணயத்தாள்களுள் பெரும்பகுதி அவ்வங்கியினுடையவை. தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்தமையாலேயே பெரும் பீதி தணிந்தது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டத்தின்மூலம் நாணயத்தாள் வெளியிடும் பணி அரசின் கைக்கு வந்தது. தனியார் நிறுவனத்தின் வீழ்ச்சியை அரசு தாங்கும் நிலை இங்கும் நேர்ந்தமை கவனிக்கத்தக்கது.

கோப்பிக்குப் பின் வந்த தேயிலை, கம்பனி அமைப்பைத் தவிர்க்கவியலாததாக்கிற்று. கோப்பிக் கொட்டையை ஓரளவு பக்குவப்படுத்திக் கொழும்புக்கு அனுப்பினாற் போதும். எஞ்சிய வேலை அங்கே நடைபெறும். தேயிலைக் கொழுந்தோ கொய்த அன்றே தோட்டத்துத் தொழிற்சாலையை அடையவேண்டும். வாட்டவும் அரைக்கவும் உலர்த்தவும் இயந்திரங்கள் வேண்டும். இம்முதலைத் திரட்டத் தனியாரின் ஆற்றல் போதவில்லை. இலண்டனிலே பதிந்த ஸ்ரேலிங் கம்பனிகளும் கொழும்பிலே பதிந்த ரூபாய்க் கம்பனிகளும் 1880 களிலிருந்து தோட்டங்களை விழுங்கத் தொடங்கின. 1896 இலே கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தோன்றியதும் இதன் விளைவே.

இக்கம்பனிகளின் பங்குதாரர் தேயிலைச் செடியைக் கண்டிராதவராயிருக்கலாம். விளைச்சல் பொய்த்தால் அவர் இழப்பது பங்கின் தொகையை மட்டுமே. அதே தோட்டத்திலே கொழுந்தெடுத்த தென்னிந்தியத் தொழிலாளியின் நிலை இதற்கு நேர்மாறானது. கடல் கடந்து வருவதற்குப் பெற்ற முற்பணம் அவர் பெயரிலே கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டின், கடன் தொகை குறித்த ‘துண்டு’ அவருக்கு முன்னே சென்றது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்த பின்னரே அவரைப் பெற்றுக்கொண்டது. அதனால் கடன் தீரவில்லை, கடனீந்தோரே மாறினர். 1921 இலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரே தோட்டத்திலே, முதலிட்டவரின் கடனுக்குச் சட்டம் எல்லை வகுத்தது; உழைத்தவரின் கடனுக்கு நெடுங்காலம் எல்லை வகுக்கவில்லை. கம்பனியின் நன்மைகளைக் கூறும் எந்த வரலாறும் இவ்வுண்மையைத் தவிர்த்துவிட்டு முழுமைபெற மாட்டாது.

கம்பனி என்னும் சட்ட ஆளின் வலிமை பிற்காலத்திலும் வெளிப்பட்டது. தனியார் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராக வரையறுத்த 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் பொதுக் கம்பனிகளைத் தொடவில்லை. அவற்றின் தோட்டங்களை அரசுடைமையாக்க 1975 இலே திருத்தச் சட்டமொன்று வேண்டியிருந்தது. 1992 இலே அத்தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளுக்கே அளிக்கப்பட்டது. சட்டமும் 1938, 1982, 2007 ஆகிய ஆண்டுகளிலே புதுப்பிக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவர் தனித்தே கம்பனியை அமைக்கலாம். சலமன் ஆறு உறவினரைத் தேடவேண்டியிருந்த காலம் மறைந்துவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கம்பனி அமைப்பின் நன்மைகள் பொய்யானவை அல்ல என்பது புலனாகும். சிறு சேமிப்புக்களைப் பெருமுதலாக்கவும், தலைமுறைகளைத் தாண்டிய முயற்சிகளை நடத்தவும், தோல்வியுற்ற முயற்சியொன்று ஒரு குடும்பத்தையே அழிக்காது தடுக்கவும் அது வழிசெய்தது. தந்தையின் கடன் மகனைத் தேடிவரும் அச்சம் நீங்கினாலன்றிப் புதுமுயற்சியில் இறங்கத் துணிவோர் சிலரேயாவர். கிளாஸ்கோவின் விதவைகளை எண்ணுவோர் இந்நன்மையை எளிதிற் பழித்துரையார்.

ஆயின், ஒருவருக்குச் சட்டம் வகுத்த எல்லைக்கு அப்பால் எஞ்சும் நட்டத்தை வேறொருவர் சுமக்கின்றார். அவர் சரக்குக் கொடுத்த சிறு வணிகராயிருக்கலாம். சம்பளம் கிடைக்காத தொழிலாளியாயிருக்கலாம். வரி செலுத்தும் குடிமகனாயிருக்கலாம். 1855 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கியோர் இதனை உணர்ந்திருந்தனர். பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பனி ஒவ்வொன்றும் தன் பெயரின் இறுதியில் ‘லிமிட்டெட்’ என்னும் சொல்லை இட்டே ஆகவேண்டும் என அவர்கள் விதித்தனர். இன்று கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளிலே பெருமைக்குரிய பட்டம்போல மிளிரும் அச்சொல், தொடக்கத்திலே கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் செய்வோருக்கு விடுக்கப்பட்ட ஓர் எச்சரிக்கையேயாகும்.